அம்மி கொத்தச் சிற்பி எதற்கு?

ஆட்டுக்கல், காணிக்கை முடி, மதுபாட்டில் மூடி, சாம்பிராணி... இன்றைய கலைக்கூடங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும் நம் வீட்டுச் சாமான்கள்

பெங்களூரில் ஓட்டு வீடுகளை இடித்து மாடி வீடுகள் எழும்பத் தொடங்கியபோது தெருவோரங்களில் ஆட்டுக்கற்கள் சேர ஆரம்பித்தன. கிரைண்டர் வந்தபிறகு சமையலறையில் அதற்கு இடமில்லை. பழைய சாமான் எடுப்பவர் தொடவே மாட்டார். உடைத்துப் போடவும் மனசு வராது. தலைமுறை தலைமுறையாக அரிசியும் உளுந்தும் அரைத்துக் கொடுத்த கல், அதைப் போய் உடைப்பதா என்று வீட்டில் ஒரு கிழவியாவது தடுத்திருப்பார். ஆகவே மரத்தடியில், மின்கம்பத்தின் அடியில், சாக்கடை ஓரத்தில் பக்குவமாக இறக்கி வைத்துவிட்டுக் குடும்பம் புது வீட்டுக்குக் குடிபோய்விடும். சென்னையிலும் மதுரையிலும் நடந்தது இதுதான். எல்லாரும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போயிருக்கிறோம்.

பெங்களூரில் வாழும் ஓவியர் ஷீலா கௌடாவும், அவருடைய கணவரும் சுவிட்சர்லாந்துக் கலைஞருமான கிறிஸ்டோஃப் ஸ்டோர்ஸும் தாண்டிப் போகவில்லை. அப்படிக் கைவிடப்பட்ட கற்களைத் தேடிச் சேர்த்தார்கள். 170 கற்கள் சேர்ந்தன. 2012 டிசம்பர் 12 அன்று கொச்சியில் இந்தியாவின் முதல் பினாலே, அதாவது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூடும் சர்வதேசக் கலைக் கண்காட்சி, தொடங்கியபோது அந்த 170 கற்களும் ஃபோர்ட் கொச்சியின் அஸ்பின்வால் ஹவுஸுக்கு வந்து சேர்ந்திருந்தன. படைப்பின் பெயர் ‘ஸ்டாப்ஓவர்’, வழியில் ஒரு தங்கல்.

அம்மி கொத்தச் சிற்பி எதற்கு என்று கேட்பது நம் ஊர் வழக்கம். இங்கே அதைவிட மோசம். இரண்டு கலைஞர்கள் சேர்ந்தும் ஓர் உளி படவில்லை, பீடம் போடவில்லை. கல்லைக் கொண்டுவந்து வைத்தார்கள், அவ்வளவுதான். இதைச் செய்யக் கலைஞன் எதற்கு, ஒரு லாரியும் நாலு ஆளும் போதாதா என்று யாரும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான்.

அஸ்பின்வால் ஹவுஸ் எந்த இடம் என்று பார்த்தால் பதில் பாதி கிடைத்துவிடும். 1867ல் ஓர் ஆங்கில வணிகர் தொடங்கிய நிறுவனத்தின் கிடங்கு அது. மிளகு, இஞ்சி, மஞ்சள், தேங்காய் எண்ணெய் எல்லாம் அங்கே குவிந்து கப்பலேறின. கொச்சியின் வாசனைப் பொருள் வணிகத்துக்கு அரபுக் கப்பல், போர்ச்சுகீசியக் கப்பல், டச்சுக் கப்பல், ஆங்கிலக் கப்பல் என்று அலமாரி அலமாரியாக வரலாறு இருக்கிறது. அதே மிளகையும் மஞ்சளையும் தினமும் காலையில் குந்தி உட்கார்ந்து அரைத்த பெண்களுக்கு ஒரு பக்கம்கூடக் கிடையாது. அந்தக் கிடங்கில், கடலைப் பார்த்தபடி, 170 கற்கள். வரலாற்றில் விடுபட்ட பெண்கள் என்று சுவரில் யாரும் எழுதி ஒட்டவில்லை. எழுதியிருந்தால் அது பொதுக்கூட்டம் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. வீட்டில் ஆட்டுக்கல் எப்போதும் ஒன்றுதான். ஒன்றை மட்டும் பார்க்கும்போது அது சாமான். 170ஐச் சேர்த்து வைத்தபோது ஒவ்வொன்றின் குழியும் வேறு வேறு என்று கண்ணில் படுகிறது. ஒன்றில் ஆழம் அதிகம். ஒன்றில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. ஒன்றின் விளிம்பு வழவழத்துப் போயிருக்கிறது. கருங்கல்லை இப்படிக் கரைத்தது ஈர மாவும் மனிதக் கையும்தான். சிற்பி உளியை எடுக்காததற்குக் காரணம் இருக்கிறது: செதுக்கும் வேலையை இன்னொருவர் ஐம்பது வருஷம் செய்து முடித்துவிட்டார்.

வாழைப்பழமும் மயிலும்

விநோதமான கலை என்றதும் நம் செய்தித்தாள்களுக்கு ஞாபகம் வருவது வேறு. கரகாட்டக்காரன் படத்து வாழைப்பழத்துக்குப் பிறகு அதிகம் பேசப்பட்ட வாழைப்பழம் இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டெலானுடையது. 2019ல் அமெரிக்காவின் மயாமி கலைச்சந்தையில் ஒரு வாழைப்பழத்தைச் சாம்பல் நிற டேப்பால் சுவரில் ஒட்டி ‘காமெடியன்’ என்று பெயர் வைத்தார். அப்போது விலை 1,20,000 டாலர். 2024 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் அதன் ஒரு பிரதி 62 லட்சம் டாலருக்குப் போனது. நம் கணக்கில் 50 கோடி ரூபாய்க்கு மேல். வாங்கிய கிரிப்டோ தொழிலதிபர் பத்திரிகையாளர்களைக் கூட்டி அதைத் தின்றும் காட்டினார். பழம் அழுகினால் புதுப்பழம் மாட்டிக்கொள்ளலாம். அவர் வாங்கியது ஒரு சான்றிதழும் ஒட்டுவதற்கான குறிப்பும்தான்.

இதைக் கலை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. கலைச்சந்தையைக் கேலி செய்ய அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. ஆனால் கேள்விப்பட்டதோடு முடிந்துபோகிற படைப்பு அது. நேரில் போய்ப் பார்த்தால் கூடுதலாக எதுவும் கிடைக்காது. பழம், டேப், சுவர். துணுக்காகவே பிறந்த கலை.

மறுபக்கம் இன்னொரு வகை இருக்கிறது. அதற்கு ஏல விலையெல்லாம் கிடையாது. எல்லா ஊரிலும் ரவுண்டானாவில் நிற்கும் மயில். பழைய சைக்கிள் செயின், ஸ்பேனர், பல்சக்கரம், பிளாஸ்டிக் பாட்டில் ஆகியவற்றால் செய்த மயில், யானை, காளை. ‘குப்பையிலிருந்து கலை’ என்று பலகை வைத்திருப்பார்கள். செய்தவரின் வெல்டிங் திறமையைப் பாராட்டலாம். ஆனால் அந்த மயிலில் சைக்கிள் செயினுக்கு என்ன வேலை? அது எந்த சைக்கிள், யார் மிதித்தது, எங்கே போனது என்ற எண்ணமே நமக்கு வராது. இறகு போலத் தெரிந்தால் செயின் பாஸ், தெரியாவிட்டால் ஃபெயில். பொருள் தன்னை மறைத்துக்கொண்டு வேறொன்றாக நடிக்க வேண்டும். நடிப்பு எவ்வளவு பிரமாதமோ அவ்வளவு கைதட்டல்.

ஷீலா கௌடாவின் கல் நடிக்கவில்லை. என் கணக்கில் இன்றைய கலையில் தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவை இந்த ரகம்தான்: பொருள் பொருளாகவே இருக்கும், அதற்கு முந்தைய பிழைப்பும் வரலாறும் அதன்மேலேயே இருக்கும், அதைத் துடைத்துவிடாமல் கலைஞர் ஏதோ ஒன்று செய்திருப்பார். அந்த ஏதோ ஒன்று என்ன என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

சாணி, குங்குமம், முடி

ஷீலா கௌடா 1957ல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்தவர். பெங்களூரின் கென் கலைப்பள்ளி, பிறகு சாந்திநிகேதன், 1986ல் லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் முதுகலை. படித்ததெல்லாம் ஓவியம். தைல வண்ணத்தில் கித்தான் வரைந்துகொண்டிருந்தவரின் கையை 1992 மாற்றியது. பாபர் மசூதி இடிப்பும் அதைத் தொடர்ந்து பம்பாயில் நடந்த கலவரமும் நாட்டை உலுக்கிய நேரத்தில், தூரிகையும் வண்ணக் குழாயும் போதவில்லை என்று பட்டவர் எடுத்துக்கொண்டது சாணி.

சாணியை விளக்க வெளிநாட்டு விமர்சகர்கள் ஒரு பக்கம் எழுதுவார்கள். நமக்கு ஒரு வரிகூடத் தேவையில்லை. வாசல் தெளிக்க, தரை மெழுக, வரட்டி தட்ட, மார்கழியில் பூசணிப்பூ செருக, பிள்ளையார் பிடிக்க. தொடுவதற்குக் கூசுகிறவர்களும் உண்டு, புனிதம் என்பவர்களும் உண்டு, அதை அள்ளுகிற வேலை யார் தலையில் விழுகிறது என்பதும் தெரியும். பசுவின் பேரால் அரசியல் சூடேறிய வருஷங்களில் அந்தப் பொருளைக் கையில் எடுப்பது சும்மா இல்லை. அவர் கோஷம் எதுவும் எழுதவில்லை. தாளில் பூசினார், உருட்டினார், செங்கல்லாக அறுத்துக் காயவைத்தார். 1996ல் செய்த ‘மார்ட்டர் லைன்’ தரையில் வளைந்து போகும் இரட்டை வரிசைச் சாணிக்கற்கள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே கலவை பூச வேண்டிய இடத்தில் குங்குமச் சிவப்பு. மண்டியிட்டுக் குனிந்தால்தான் அந்தச் சிவப்பு முழுசாகத் தெரியும்.

இரண்டு வருஷம் கழித்து நூலுக்கு வந்தார். ‘அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெய்ன்’, என் வலியை அவனிடம் சொல், என்பது 1998ல் செய்த படைப்பின் பெயர். அறைக்குள் சிவப்புக் கயிறு ஒன்று சுவரில் ஏறி, கூரையிலிருந்து தொங்கி, தரையில் சுருண்டு கிடக்கிறது. கிட்டே போனால் அது கடையில் வாங்கிய கயிறு இல்லை என்று தெரிகிறது. ஒவ்வொரு இழையும் ஓர் ஊசியின் காது வழியே அதன் முழு நீளத்துக்கும் இழுக்கப்பட்டது. அப்படி இழுத்த இழைகளை ஒன்றாகச் சேர்த்து, பசையும் குங்குமமும் தடவித் தடவி ஒட்டிய கயிறு. முனையில் அத்தனை ஊசிகளும் கொத்தாகத் தொங்குகின்றன. தூரத்தில் குடலா தொப்புள்கொடியா என்று திகைக்க வைப்பது, பக்கத்தில் தையல்காரியின் உழைப்பாகத் தெரிகிறது. அழகாகவும் இருக்கிறது, கையை நீட்டினால் குத்தவும் செய்யும். ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தே வளர்ந்த யாருக்கும் அந்த நீளத்தைப் பார்த்த மாத்திரத்தில் விரல் வலிக்கும்.

அவருடைய படைப்புகளில் எனக்கு உச்சமாகப் படுவது ‘பிஹோல்ட்’. 2009 வெனிஸ் பினாலேயில் வைக்கப்பட்டு, இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் திருஷ்டி படாமலிருக்க பம்பரில் கறுப்புக் கயிறு கட்டுவார்களே, பெங்களூரில் அந்தக் கயிறு மனித முடியில் திரித்தது. கோயிலில் மொட்டை போட்டுக் காணிக்கை கொடுக்கும் முடியில் நீளமானது விக் செய்ய வெளிநாடு போய்விடும். ஏற்றுமதிக்குத் தேறாத குட்டை முடி கயிறாகித் தெருக்கடைக்கு வரும். பிள்ளை பிழைத்ததற்கும் கடன் அடைந்ததற்கும் ஒருத்தி நேர்ந்துகொண்டு கொடுத்த முடி, முன்பின் தெரியாத ஒருவருடைய வண்டிக்கு விபத்து வராமல் காக்கிற சங்கிலி இது. ஷீலா கௌடா அப்படிப்பட்ட கயிறை ஏறக்குறைய 4,000 மீட்டர் சேர்த்தார். பளபளவென்று குரோமியப் பூச்சுள்ள சுமார் 20 கார் பம்பர்களை அந்தக் கயிற்றிலேயே முடிந்து சுவரில் தொங்கவிட்டார்.

படத்தில் பார்த்தால் கறுப்பும் வெள்ளியுமாக ஓர் அலங்காரம். நேரில் நிற்கும்போது மனசு கணக்குப் போட ஆரம்பிக்கிறது. நாலு கிலோமீட்டர் என்றால் எத்தனை தலை? தெருவில் பம்பர் கயிற்றைத் தாங்குகிறது; இங்கே கயிறு பம்பரைத் தாங்குகிறது. நம்பிக்கை கனமா, இரும்பு கனமா என்று ஒரு பட்டிமன்றமே நடத்தலாம். கலைஞர் நடுவராக உட்காராமல் ஒதுங்கிக்கொண்டார்.

தார் டிரம்மை வைத்தும் செய்திருக்கிறார். ரோடு போட வருகிறவர்கள் காலி டிரம்மை வெட்டித் தட்டித் தகடாக்கிச் சாலையோரத்தில் குடிசை போட்டுக்கொள்வதை நாம் பார்த்திருக்கிறோம். 2006ல் செய்த ‘டார்க் ரூம்’ அந்த டிரம்களாலும் தகடுகளாலும் கட்டிய ஒரு கூடு. முன்புறம் டிரம்களை அடுக்கி நிறுத்திய தூண்கள் அரண்மனை ஜாடையில் இருக்கும். உள்ளே போகத் தவழ வேண்டும். தவழ்ந்து நிமிர்ந்தால் தலைக்கு மேல் தகரத்தில் ஆணியடித்த ஓட்டைகள் வழியே வெளிச்சம் புள்ளிபுள்ளியாக விழும். நட்சத்திர வானம் என்று சிலர் சிலாகித்து எழுதுகிறார்கள். ஒழுகும் கூரைக்குக் கீழே படுத்துத் தூங்கியவருக்கு அது வேறு மாதிரி படும். இரண்டையும் ஒரே ஓட்டை தருகிறது.

என்சுக்காவின் மூடிகள்

இதே வழியில், ஆனால் வேறு மண்ணில், அரை நூற்றாண்டாக வேலை செய்துவருபவர் எல் அனட்சூயி. 1944ல் இன்றைய கானாவில், அன்யாகோ என்ற காயலோர ஊரில் பிறந்தவர். அப்பாவுக்கு 32 பிள்ளைகள், இவர் கடைக்குட்டி. அப்பாவும் அண்ணன்மாரும் தறியில் உட்கார்ந்து கென்டே துணி நெய்தவர்கள். இவர் தறி பக்கம் போகவில்லை. குமாசியில் சிற்பம் படித்துவிட்டு, 1975ல் நைஜீரியாவின் என்சுக்கா பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்து 2011 வரை அங்கேயே பாடம் சொல்லிக்கொடுத்தார்.

அவர் கடந்து வந்த பொருள்களை வரிசையாகச் சொன்னாலே ஒரு சந்தைக்குள் நடந்த மாதிரி இருக்கும். முதலில் கானா சந்தைப் பெண்கள் தின்பண்டம் பரப்பி வைக்கும் மரத்தட்டு; அதன் விளிம்பில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குறி போட்டார். அப்புறம் உடைந்த பானை. அப்புறம் மரம் அறுக்கும் இயந்திர ரம்பத்தால் கீறிய பலகைகள். அப்புறம் மரவள்ளிக்கிழங்கு துருவுகிற, ஆணிக்குத்துகள் நிறைந்த துருத் தகரம். அப்புறம் பால் டின் மூடி. பலகையைத் தவிர எல்லாமே சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டவை என்பதைக் கவனியுங்கள்.

1990களின் கடைசியில் என்சுக்காவுக்கு வெளியே புதர் ஓரத்தில் ஒரு பை கிடந்தது. நிறைய மதுபாட்டில் மூடிகள். எடுத்துவந்து பட்டறையில் போட்டுவிட்டு, என்ன செய்யலாம் என்று நெடுநாள் யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் மூடியைத் தட்டித் தகடாக்கி, ஓரத்தில் துளை போட்டு, மெல்லிய செம்புக் கம்பியால் இன்னொரு மூடியோடு கட்டிப் பார்த்தார். அங்கிருந்துதான் எல்லாம்.

மூடியின் மேல்வட்டம் ஒரு வகை. கழுத்தைச் சுற்றியிருக்கும் பட்டையை நீட்டினால் நாடா. அதைக் கசக்கினால் ஒரு வகை, முறுக்கினால் இன்னொரு வகை, வளையமாக விட்டால் வலை மாதிரி காற்றுப் புகும் ஒரு வகை. ஊர் இளைஞர்கள் பலர் பட்டறையில் உட்கார்ந்து பாய் அளவுக்கு முடைந்து தருவார்கள். அனட்சூயி அந்தத் துண்டுகளைத் தரையில் பரப்பி, மாற்றி, படம் பிடித்துப் பார்த்து, மறுபடி மாற்றுவார். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். முடிந்ததும் சுவர் அளவுக்கு ஓர் உலோகத் துணி. மடித்தால் மடியும். பெட்டிக்குள் வைத்து விமானத்தில் அனுப்பிவிடலாம்.

அதைவிடப் பெரிய விஷயம், அதை எப்படி மாட்டுவது என்று அவர் சொல்வதில்லை. வாங்கும் அருங்காட்சியகம் இழுத்துக் கட்டலாம், கொசுவம் வைக்கலாம், தரையில் புரளவிடலாம். ஒரே படைப்பு நியூயார்க்கில் ஒரு உருவம், மியூனிக்கில் வேறொரு உருவம். சிற்பம் என்றால் ஒரு தரம் செய்துவிட்டால் அப்படியே நிற்க வேண்டும் என்ற நெடுநாள் சட்டத்தை இவர் எந்த அறிக்கையும் விடாமல் கழற்றிவிட்டார். சில அருங்காட்சியகக் காப்பாளர்களுக்கு இந்தச் சுதந்திரம் பெரிய தலைவலி என்றும் கேள்வி. படம் கொடுத்துவிட்டால் பார்த்து மாட்டிவிடலாம். உன் இஷ்டம் என்று விட்டால்தான் கஷ்டம்.

2007 வெனிஸ் பினாலேயில் அவருடைய மூடித்திரைகளைப் பார்த்துக் கூட்டம் திகைத்து நின்றது. 2015ல் அதே பினாலே வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்கம் விருதைக் கொடுத்தது. 2023 அக்டோபரில் லண்டன் டேட் மாடர்னின் டர்பைன் ஹாலில் ‘பிஹைண்ட் த ரெட் மூன்’ தொங்கியது. மின்நிலையமாக இருந்த கட்டடம் அது. கூடத்தின் நீளம் 150 மீட்டருக்கு மேல். நுழைந்ததும் பாய்மரம் புடைத்ததுபோல் ஒரு பெரிய திரை, ஒரு பக்கம் செந்நிறம். அதைத் தாண்டினால் சின்னச் சின்ன வளையங்களில் முடைந்த, காற்றில் மிதக்கும் மனித உருவச் சாயல்கள். கடைசியில் மேலிருந்து தரை வரை வழிந்து கிடக்கும் ஒரு கறுப்புச் சுவர்.

தூரத்தில் தங்கச் சரிகை. கிட்டே போனால் ரம், ஜின், பிராந்தி என்று அச்சடித்த எழுத்து. ஏன் மது மூடி என்பதற்கு அனட்சூயியிடம் நேரான காரணம் உண்டு. ஐரோப்பியக் கப்பல்கள் மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுவந்த சரக்குகளில் மது முக்கியமானது. அதற்கு ஈடாக மனிதர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த மனிதர்கள் கரீபியத் தீவுகளில் கரும்பு வெட்டினார்கள். கரும்பிலிருந்து சர்க்கரையும் ரம்மும் வந்தன. ரம் மறுபடியும் கப்பலேறியது. சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட்டின் பெயரைத் தாங்கிய அருங்காட்சியகத்தின் நடுக்கூடத்தில் இந்த மூடிகளைப் பாய்மரமாக விரித்துக் கட்டியதில் எவ்வளவு குறும்பு, எவ்வளவு கோபம் என்று பிரித்துச் சொல்வது கடினம். முழுக்கதையும் ஒரு மூடியின் விட்டத்துக்குள் அடங்கியிருக்கிறது. (நீலகிரியில் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கிடைக்கிறது. மூடிக்கு யாரும் இன்னும் விலை வைக்கவில்லை.)

யார் கை, யார் பெயர்?

இந்த இடத்தில் சங்கடமான ஒரு விஷயத்தையும் பேசிவிட வேண்டும். அனட்சூயியின் திரைகள் ஏலத்தில் 10 லட்சம் டாலரைத் தாண்டுகின்றன. முடைந்த இளைஞர்கள் கூலி வாங்கியவர்கள். சீனக் கலைஞர் ஐ வெய்வெய் 2010ல் அதே டர்பைன் ஹாலில் 10 கோடி சூரியகாந்தி விதைகளைக் கொட்டி வைத்தார். ஒவ்வொன்றும் பீங்கானில் செய்து கையால் கோடு வரைந்தது. ஜிங்தெஜென் என்ற பீங்கான் ஊரில் 1,600க்கும் மேற்பட்டவர்கள் இரண்டரை வருஷம் செய்த வேலை. மேலே நடக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். பீங்கான் தூசி கிளம்புகிறது என்று சில நாளிலேயே கயிறு கட்டித் தடுத்துவிட்டார்கள். சுவரில் இருந்தது ஒரே ஒரு பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியது ராஜராஜன் என்று நாம் சொல்வதில்லையா என்று வாதிடலாம். வாதம் சரி, ஆனால் அந்தக் கோயில் கல்வெட்டில் ஆடல் மகளிர், நட்டுவர், தச்சர் என்று ஊழியம் செய்தவர்களின் பெயரும் அவர்கள் பெற்ற பங்கும் வெட்டியிருக்கிறது. இன்றைய அருங்காட்சியகத்தின் பெயர்ச்சீட்டில் ‘முடி, இரும்பு’ என்று இருக்குமே தவிர அந்த முடி யாருடையது என்று இருக்காது. இருக்கவும் முடியாது. உழைப்பைப் பற்றியே பேசும் கலையில் இந்தக் குறை கொஞ்சம் அதிகமாக உறுத்துகிறது. ஷீலா கௌடா பல வேலைகளைத் தானே செய்கிறார், நூலைத் தானே இழுக்கிறார் என்பது அவர் படைப்பை நான் ஒரு படி மேலே வைப்பதற்கு ஒரு காரணம். அளவு சிறுத்தாலும் பரவாயில்லை.

தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும்

சென்னையில் வேலை செய்யும், திருவண்ணாமலையில் பிறந்த பெனிதா பெர்சியால் இந்த வரிசையில் நமக்குப் பக்கத்து வீடு. அவர் சிற்பம் வார்ப்பது குந்திரிக்கம், வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், கிராம்பு, பட்டை, எலுமிச்சைப்புல் ஆகியவற்றின் கலவையில். 2014 கொச்சி பினாலேயில், பெப்பர் ஹவுஸில், ‘த ஃபயர்ஸ் ஆஃப் ஃபெய்த்’ என்ற தலைப்பில் இயேசுவும் சீடர்களுமாக அந்தச் சிற்பங்கள் இருந்தன. சிலவற்றுக்குக் கை இல்லை, சிலவற்றில் உடல் பாதி. பழைய தேவாலயத்திலிருந்து கழற்றிப் போட்ட சிலைகள் போன்ற தோற்றம்.

கண்ணுக்கு முன்னால் மூக்குக்குத்தான் அவை எட்டும். வாசலிலேயே வாசனை வந்துவிடும். மரச்சிற்பம் என்று நினைத்து நெருங்குகிறவர் கிட்டே போனதும் பூசை நேரத்துக் கோயிலிலோ, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலோ, சாம்பிராணி போட்ட வீட்டிலோ நிற்பார். எது என்பது அவரவர் வளர்ந்த விதம். வாசனைப் பொருள் தேடி வந்த கடல்வழியில்தான் இயேசுவின் சீடர் தோமாவும் வந்திறங்கினார் என்று கேரளத்துக் கிறிஸ்தவர்கள் நம்புகிறார்கள். அந்தக் கரையில், மிளகு அடுக்கிய கிடங்கில், வாசனைப் பொருளாலேயே சீடர்களைச் செய்து நிறுத்துவதற்கு மேல் ஒரு விளக்கவுரை வேண்டாம்.

இந்தப் பொருளுக்கு ஓர் இயல்பு உண்டு. வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அது கல்லைப் போலச் சும்மா இருக்காது. இளகும், வாசனையை விட்டுக்கொண்டே இருக்கும். வாங்கிப் பத்திரப்படுத்த நினைப்பவருக்கு இது குறை. ஊதுவத்திக் கலவையை உருட்டி எரித்து, மிஞ்சிய சாம்பலையே காட்சிக்கு வைத்த ஷீலா கௌடாவின் ‘கொலாட்டரல்’ (2007) இன்னும் ஒரு படி மேலே. கம்பி வலைச் சட்டத்தின் மேல் எரிந்த உருவம் கலையாமல் சாம்பலாகக் கிடக்கும். ஜெர்மனியின் காஸல் நகரத்து டாக்குமென்டா கண்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் பக்கத்தில் நின்று பலமாக மூச்சு விடக்கூட யோசித்திருப்பார்கள். குண்டு விழுந்த ஊரை ஆகாயத்திலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும்.

2012ல் கொச்சியில் கலைஞர் விவான் சுந்தரம் வைத்த ‘பிளாக் கோல்டு’ம் இந்தக் குடும்பம்தான். கேரளத்தின் பட்டணம் என்ற ஊரின் அகழாய்வில் கிடைத்த பானையோடுகளை அடுக்கி ஒரு நகரம் அமைத்து, மிளகைப் பரப்பினார். பட்டணம்தான் சங்க இலக்கியத்தின் முசிறி என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். பொன்னோடு வந்து கறியோடு போன மரக்கலங்களைப் பள்ளிக்கூடத்தில் படித்த நமக்கு, அந்தக் கறுப்பு மணிகளின் நடுவே கிடந்த ஓடுகளில் கொஞ்சம் கூடுதலாகவே உறவு உண்டு.

எப்படிப் பார்ப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பெரிய வித்தை இல்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று தொடங்கினால் பெரும்பாலும் எரிச்சல்தான் மிஞ்சும். எங்களை முட்டாளாக்குகிறார்கள் என்று தோன்றும். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கும். பெயர்ச்சீட்டில் கலைஞர் பெயருக்கும் வருஷத்துக்கும் கீழே பொருள்களின் பட்டியல் ஒரு வரி இருக்கும். அதிலிருந்து தொடங்குங்கள். சாணி, குங்குமம், நூல், ஊசி. இது எங்கிருந்து வந்தது, இதற்கு முன் என்ன வேலை பார்த்தது, எத்தனை பேர் கைபட்டது என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். பதில் சொல்ல முடியாத படைப்பு முன்னால் நேரத்தை வீணாக்காமல் அடுத்த அறைக்குப் போய்விடலாம், வெட்கப்படத் தேவையில்லை. பக்கத்து அறையில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டி வரும். இந்தப் பட்டியலை வாசிப்பதில் வெள்ளைக்காரர்களைவிட நமக்கு வசதி அதிகம். அவர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் இடத்தில் நமக்கு வாசனையே தெரியும்.

பார்க்கத்தான் இடம் வேண்டும். தேசிய நவீனக் கலைக்கூடம் டெல்லியில் இருக்கிறது, மும்பையில் இருக்கிறது, 2009லிருந்து பெங்களூரில் மாணிக்கவேலு முதலியார் மாளிகையில் இருக்கிறது. சென்னையில் இல்லை. 1850ல் தொடங்கிய கலைக்கல்லூரி இருக்கும் ஊர், சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கட்டி எழுப்பிய ஊர், நவீனக் கலையில் மெட்ராஸ் இயக்கம் என்று தனக்கென ஒரு பெயரையே வைத்துக்கொண்ட ஊர். கிளை மட்டும் முதலியார் பேரில் பெங்களூருக்குப் போய்விட்டது. வேறு வழியில்லை, கொச்சி பினாலே நடக்கும் ஆண்டில் டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு சனி ஞாயிறை ஒதுக்கி எர்ணாகுளத்துக்கு ரயில் ஏறுங்கள். ஜங்ஷனில் இறங்கிப் படகுத்துறைக்கு ஆட்டோ, அங்கிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகு. டிக்கெட் சில ரூபாய்தான்.